குடியிருக்கக் கொடுத்த வீடு

2022இல் தீபாவளி முடிந்த அடுத்த வாரம் மகன் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேலை கிடைத்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, சனவரியில கிளம்பறோம். மூணு பேரும்தான். பொங்கோல் வீட்டை வாடகைக்கு விட்டுட்டா, தவணை அதுபாட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போகும்."

"சாவி எப்பப்பா எடுத்தீங்க?"

"2019 மே மாசம்."

"அப்ப 2024 மே வரைக்கும் முழு வீட்டையும் விட முடியாது தம்பி."

அவன் சிரிப்பு நின்றது. "எங்க புளோக்கிலேயே ரெண்டு பேர் விட்டிருக்காங்களே" என்றான். ஊரில் நாலு பேர் சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்கிறார்கள் என்பதற்காக நாமும் கடக்க முடியுமா? அன்று இரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த வீட்டின் வாடகை விவகாரம் மொத்தமும் என் தலையில்தான் விழுந்தது. மருத்துவமனையில் 36 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். படிவத்தை வரி விடாமல் படிப்பது அந்த வேலை தந்த பழக்கம். அப்படிப் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் வீடு வாங்கியவர்களுக்கும், இங்கே வாடகைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

விதிகளைச் சொல்வதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தளத்துக்குள்ளேயே தொழிலாளர் குடியிருப்பில் எங்களுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும் இருந்தன. நான் பிறந்தது அங்கேதான். பிரிட்டிஷ்காரர்கள் சிங்கப்பூரைவிட்டுப் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968இல் அறிவித்தார்கள். 1971இல் கிளம்பியும் விட்டார்கள். கப்பல் பட்டறை கைமாறியது. அப்பாவுக்கு வேலை தங்கியது, வீடு தங்கவில்லை. அறையைக் காலி செய்து, சோங் பாங் கிராமத்தில் ஒருவர் வீட்டின் பின்பக்கத்தைத் தடுத்து வாடகைக்கு எடுத்தோம். தகரக் கூரை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அந்த வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனாலும் அவருடைய மகனுக்குக் கல்யாணம் என்று வந்தபோது எங்களைத்தான் கிளம்பச் சொன்னார்.

1984இல் ஈசூனில் மூன்றறை வீடு கிடைத்தது. சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போன அப்பா, விளக்குப் போடக்கூட இல்லை. வரவேற்பறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சுண்ணாம்பு காயாமல் கையில் ஒட்டியது. அதைத் துடைக்காமலே கீழே இறங்கிக் காப்பிக்கடைக்குப் போனார். அன்று மாலை புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் அர்ச்சனை செய்தோம். கடற்படைத் தளத்துத் தொழிலாளிகள் கும்பிட்டு வளர்த்த கோயில் அது.

இந்த நாட்டில் வீடு என்பதை நான் அந்தக் கையிலிருந்துதான் பார்க்கிறேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், வீவக என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது, 1960இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பிடித்து எரிந்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். முதலில் கழகம் வாடகை வீடுகளைத்தான் கட்டிக் கொடுத்தது. 1964இல் அவற்றை மக்களே சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேம நிதியில், அதாவது சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைக்கும் சேமிப்பில், வீட்டுத் தவணை கட்டலாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா போன்றவர்களுக்கு வீடு எட்டும் தூரத்தில் வந்தது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் வாழ்வது வீவக வீடுகளில்தான். அவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள் அல்லர், வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்.

சொந்தம் என்று சொன்னாலும் 99 ஆண்டுக் குத்தகைதான். நிலம் அரசாங்கத்துடையது. புது வீட்டைக் கழகம் சந்தை விலைக்குக் குறைவாகத்தான் விற்கிறது. அதற்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானியமும் உண்டு. முதன்முறை வாங்கும் தம்பதிக்கு அது இன்று 120,000 வெள்ளி வரை போகிறது. வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். என் மகனும் மருமகளும் பொங்கோல் வீட்டை 290,000 வெள்ளிக்கு வாங்கினார்கள். ஐந்து ஆண்டு முடிந்தபோது அதே புளோக்கில் அதே அளவு வீடு மறுவிற்பனையில் 600,000 வெள்ளியைத் தாண்டியது. இடையில் உள்ள பணம் யாருடையது? வரி கட்டுகிற எல்லோருடையதும்தான். குலுக்கலில் நம்பர் விழாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற இளந்தம்பதிகளுடையதும்தான். "குடியிருப்பீர்கள்" என்ற நம்பிக்கையில் கொடுத்த விலை அது. சாவி வாங்கிய கையோடு வாடகைக்கு விட்டுவிட்டுப் போனால் அந்த நம்பிக்கையைத்தான் வாடகைக்கு விடுகிறோம்.

அதனால்தான் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் என்ற ஒன்று இருக்கிறது. வழக்கமான வீடுகளுக்கு ஐந்து ஆண்டு. சாவி எடுத்த தேதியிலிருந்து கணக்கு. பலர் கவனிக்காத ஒன்று: நாம் அந்த வீட்டில் குடியிருக்காத காலம் இந்தக் கணக்கில் சேராது. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு ஆண்டு வெளியூர் போய்வந்தால், கடிகாரம் இரண்டு ஆண்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலம் முடியும் முன்பு முழு வீட்டையும் வாடகைக்கு விடக் கூடாது, சந்தையில் விற்கவும் கூடாது.

ஆனால் அறையை விடலாம். மூன்றறை, அதற்கும் பெரிய வீடு என்றால், நாம் அங்கேயே குடியிருந்துகொண்டு மீதிப் படுக்கையறையை வாடகைக்கு விட ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டி அனுமதி மட்டும் வாங்க வேண்டும். மருமகள் அதைத்தான் செய்தாள். மகன் மட்டும் பெர்த் போனான். என்ன செய்யப்போகிறோம் என்பதைக் கழகத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் கையில் வந்த பிறகே அவன் டிக்கெட் எடுத்தான். மருமகளும் பேத்தியும் பொங்கோலிலேயே இருந்தார்கள். மூன்றாவது அறையில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தாதிப் பெண் 900 வெள்ளி வாடகைக்குக் குடிவந்தாள்.

"அத்தை, ஒரு வெளியாள் கூடவே இருந்தா எப்படி?" என்று மருமகள் முதலில் தயங்கினாள். நியாயமான தயக்கம். நான் என் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

எங்கள் ஈசூன் வீட்டில் 2016 முதல் ஓர் அறையை விடுகிறோம். திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, பிறகு பிலிப்பீன்ஸ் பெண் ஒருத்தி, இப்போது மியன்மார்க்காரப் பெண். மூன்று பேருமே தாதியர். 2018இல் ஒரு நாள் எனக்கு இரவுப் பணி. விடியற்காலை மூன்று மணிக்கு என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த திருநெல்வேலிப் பெண், அவரைத் தூக்க முயலாமல், கழுத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் 995க்கு அழைத்திருக்கிறாள். நான் வந்து சேரும்போது அவர் கட்டிலில் இருந்தார், ஆம்புலன்ஸ் ஆட்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் ஊருக்குப் போய் ஐந்து ஆண்டாகிறது. இன்றும் பொங்கலன்று அவளிடமிருந்து அழைப்பு வரும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு காலியாகக் கிடக்கும் அறையில் ஒரு மனுஷி இருப்பது வயதானவர்களுக்கு எவ்வளவு தெம்பு என்பதை வாடகைக் கணக்கில் எழுத முடியாது.

அறை வாடகைக்கும் அளவுகள் உண்டு. ஒரு முறை அனுமதி வாங்கினால் குறைந்தது ஆறு மாதம். நாள் வாடகை, வார வாடகை, சுற்றுலாப் பயணிக்கு வாடகை எல்லாம் வீவக வீட்டில் சட்ட விரோதம். குடியுரிமை உள்ளவர், மலேசியர் என்றால் ஒரு தடவைக்கு மூன்று ஆண்டு வரை. மற்ற நாட்டவர் என்றால் இரண்டு ஆண்டு வரை. வீட்டில் இருக்கும் ஆட்களின் மொத்த எண்ணிக்கை ஆறு பேர் வரை என்பது பொதுக் கணக்கு. வாடகை எகிறிப்போன நேரத்தில், 2024 சனவரியிலிருந்து, நான்கறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் எட்டுப் பேர் வரை தற்காலிகமாக அனுமதித்திருக்கிறார்கள்.

"இருந்துகொண்டு" என்ற சொல்லில்தான் பலரும் வழுக்குகிறார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் மூன்று படுக்கையறையில் இரண்டை வாடகைக்கு விட அனுமதி வாங்கினார். மூன்றாவது அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அறைக்குள் நாலு சட்டை, ஒரு பாய், முருகன் படம். ஒரு நாள் சோதனைக்கு அதிகாரிகள் வந்தார்கள். பூட்டைத் திறக்கச் சொன்னபோது சாவி அங்கே இல்லை. வாடகைக்கு இருந்த பிள்ளைகளிடம் "வீட்டுக்காரரின் பல்துலக்கி எது?" என்று கேட்டார்களாம். யாருக்கும் பதில் தெரியவில்லை. அவருக்கு அபராதமும் எச்சரிக்கையும் வந்தன. தப்பு பெரிதென்றால் கழகம் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம், அந்த அதிகாரம் அதற்கு இருக்கிறது. அவர் என்னிடம் வந்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் வேறு இடம் தேடி அலைந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

2024 மே மாதம் பொங்கோல் வீட்டுக்கு ஐந்து ஆண்டு நிறைந்தது. மருமகளும் பேத்தியும் பெர்த் கிளம்பத் தயாரானார்கள். இனி முழு வீட்டையும் விடலாம். அதிலும் ஒரு நிபந்தனை: முழு வீட்டை வாடகைக்கு விடும் உரிமை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும்தான். நிரந்தரவாசிகள் மறுவிற்பனையில் வீடு வாங்கியிருந்தாலும், அறையை விடலாமே தவிர முழு வீட்டை விட முடியாது. இங்கே வீடு வாங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல், "ஊருக்குத் திரும்பினா வாடகைக்கு விட்டுக்கலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு உதவாது.

வீட்டுக்கு ஆள் தேட ஒரு சொத்து முகவரைப் பிடித்தோம். தொலைபேசியில்தான் முதலில் பேசினார். விளம்பரம் எழுதும்போது, "இந்தியர் வேண்டாம்னு போட்டுடலாமா? இல்லைன்னா சமையல் கூடாதுன்னாவது போடலாம்" என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகக் கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் தமிழச்சி. என் மகன் வீட்டு அடுப்பில் பதினைந்து பேருக்குப் பிரியாணி வெந்திருக்கிறது. குடிவருகிறவர்கள் தாராளமாகச் சமைக்கலாம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார். அவரோடு தொடரவில்லை. வேறொருவரைப் பார்த்துக்கொண்டோம். இன்னார் வேண்டாம் என்று இனத்தைக் குறித்து விளம்பரம் எழுதுவது முகவர்களுக்கான நடத்தை விதிக்கே முரண். ஆனாலும் "எந்த ஊர்? என்ன சமைப்பீர்கள்?" என்ற கேள்வியைத் தாண்டாமல் அறை கிடைத்த தமிழ்ப் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னோடு வேலை பார்த்த பெண்கள் எத்தனையோ பேர் வாடகை அறையில் இரண்டு ஆண்டு ரொட்டியும் நூடுல்ஸுமாகக் கழித்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளைப் புரட்டிப் போட்டுக் கவனித்துவிட்டு வருகிற பெண்ணுக்கு ஒரு கரண்டி ரசம் வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்றால் அவள் கொடுக்கும் வாடகைக்கு என்னதான் பொருள்?

முகவர்களைப் பற்றி இன்னொன்று. வீவக வீட்டு வாடகையில் வாடகைப் பணத்தையும் முன்பணத்தையும் முகவர் கையால் தொடக் கூடாது. நேராக வீட்டுக்காரர் கணக்குக்குப் போக வேண்டும். "என்கிட்ட கொடுங்க, நான் சேர்த்துடறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் வந்தவர்கள் கோயம்புத்தூர்த் தம்பதி. இருவரும் கணினித் துறை. வீட்டைச் சுற்றிப் பார்த்த அந்தப் பெண், அடுப்படி ஜன்னலைத் திறந்து, "ஆண்ட்டி, இங்க கறிவேப்பிலைத் தொட்டி வெச்சா வெயில் வரும்ல?" என்று கேட்டாள். அப்போதே மனத்துக்குள் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். வாய் வார்த்தையாகவும் சரி என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அன்று இரவு கழகத்தின் இணையச் சேவையில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, அந்தப் புளோக்கில் வெளிநாட்டவர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்று வந்தது.

2014 சனவரியிலிருந்து நடப்பில் உள்ள விதி இது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை விடுவதென்றால், அக்கம்பக்க அளவில் 8 விழுக்காடு, புளோக் அளவில் 11 விழுக்காடு என்ற உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் சிங்கப்பூரருக்கும் மலேசியருக்கும் மட்டுமே விட முடியும். மற்ற நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்றவர்களும் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருகிறார்கள். அறை வாடகைக்கு இந்த வரம்பு கிடையாது. ஒரே புளோக்கில் ஒரே நாட்டவர் குவிந்து, பழைய குடித்தனக்காரர்கள் அந்நியராகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு இல்லை என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பரவால்ல ஆண்ட்டி" என்றாள். முதல் வேலையாக ஒதுக்கீட்டைப் பாருங்கள். பிறகு வீட்டைக் காட்டுங்கள்.

யாருக்கு விடலாம் என்பதில் இன்னொரு கோடும் இருக்கிறது. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் மலேசியர்களாக இல்லாவிட்டால் அவர்களுக்கு வீவக வீட்டை விட முடியாது. அவர்கள் தங்குவிடுதிகளில்தான் இருக்கிறார்கள். நான் இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். என் அப்பா இந்தக் காலத்தில் செம்பவாங் பட்டறைக்கு வந்திருந்தால், அவர் சுவரில் கை வைத்த அந்த ஈசூன் வீட்டில் ஓர் அறைகூட வாடகைக்கு எடுத்திருக்க முடியாது. மற்ற விதிகளுக்கெல்லாம் என்னால் காரணம் சொல்ல முடிகிறது. இதற்கு மட்டும் என் மனம் ஒப்பவில்லை.

கடைசியில் வந்தவர்கள் மலேசியாவின் ஜொகூரைச் சேர்ந்த குடும்பம். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர், மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, ஆறு வயதில் ஒரு பையன். 2023இல் நிரந்தரவாசம் பெற்றவர்கள். வாடகை மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு ஒப்பந்தம்.

சாப்பாட்டு மேசையில் அடையாள அட்டைகளைப் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டை. பெயர், எண், படம். நகலைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது, மூலத்தைப் பார்க்க வேண்டும். வேலை அட்டையில் வருகிறவர்கள் என்றால் இன்னும் கவனம்: அட்டையின் மூலத்தைப் பார்க்க வேண்டும், கடப்பிதழோடு ஒத்துப்பார்க்க வேண்டும், பிறகு அட்டையைக் கொடுத்த அரசாங்க அமைப்பின் இணையச் சேவையில் அது செல்லுமா என்று சரிபார்க்க வேண்டும். மூன்றும் செய்யாமல் விட்டு, வந்தவர் சட்ட விரோதமாகத் தங்கியவர் என்று தெரியவந்தால், வீட்டுக்காரர் மேல் குடிநுழைவுச் சட்டம் பாயும். என் ஈசூன் வீட்டுக்கு வந்த மூன்று பெண்களிடமும் இதைச் செய்தேன். ஒருத்தியும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மியன்மார்ப் பெண் தன் அட்டையைத் துணியால் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவளுக்கு அது உயிர் மாதிரி. நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன்னால் கழகத்தின் அனுமதி கையில் இருக்க வேண்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இடையில் ஆள் மாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை உண்டு: மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 24 மாதத்துக்கு 72,000 வெள்ளி என்றால் 288 வெள்ளி. வழக்கமாகக் குடிவருகிறவர்தான் கட்டுவார்.

இனி, மகன் கண்ணை அகல விரித்த கணக்கு. "மாசம் மூவாயிரம்னா வருஷத்துக்கு 36,000" என்று அவன் சொன்னபோது, "கொஞ்சம் பொறு" என்றேன்.

வருமான வரியில் வாடகை சேர்கிறது. செலவுக்காக வாடகையில் 15 விழுக்காட்டைக் கேள்வி இல்லாமல் கழித்துக்கொள்ளலாம், அது 5,400 வெள்ளி. வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது. கழகத்தின் கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு, பாக்கி ஏறக்குறைய 200,000, ஆகவே வட்டி 5,200 போல. மீதி 25,400. உள்ளூரில் இருப்பவருக்கு வருமானத்துக்கேற்ற விகிதத்தில் வரி. ஆனால் ஆண்டு முழுக்க வெளிநாட்டில் இருக்கிறவர் வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி. அவருக்கு ஒரே விகிதம், 24 விழுக்காடு. ஆறாயிரம் வெள்ளிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. மகனுக்கு இது சுத்தமாகத் தெரியாது.

அடுத்தது சொத்து வரி. நாம் குடியிருக்கும் வீட்டுக்கு 2025 முதல், ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரியே இல்லை. முழு வீட்டை வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அந்தச் சலுகை போய்விடும். முதல் வெள்ளியிலிருந்தே 12 விழுக்காடு. ஆண்டு மதிப்பு 12,000 என்று வைத்துக்கொண்டால் 1,440 வெள்ளி. நகர மன்றக் கட்டணம், குளிரூட்டியைக் கழுவும் செலவு, முகவர் கட்டணம் தனி. சேம நிதியிலிருந்து எடுத்துக் கட்டிய பணத்துக்கும் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். வீட்டை விற்கும்போது அசலும் வட்டியுமாக நம் சேம நிதிக் கணக்குக்கே திருப்ப வேண்டும். எல்லாம் போக மிச்சம் இல்லாமல் இல்லை. மகன் குடும்பத்தின் தவணை தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் 36,000 என்று மனப்பால் குடித்தவர்கள், இரண்டாம் ஆண்டில் வரிக் கடிதம் வரும்போது திகைத்துப்போவார்கள்.

புதிதாக வீடு எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. 2021 நவம்பரில் ரோச்சோர் வட்டாரத்தில் தொடங்கி, நகர மையத்தை ஒட்டிய வீடுகளுக்கு விதி இறுகியது. 2024 அக்டோபரிலிருந்து புது வீடுகளை ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள். பிளஸ், பிரைம் வீடுகளுக்கு மானியம் கூடுதல். குடியிருப்புக் காலம் பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டு முடிந்த பிறகும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. குடியிருந்துகொண்டு அறையை மட்டும் விடலாம். என் தங்கை மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அது எப்படிப் பெரியம்மா நம்ம வீடு?" என்று ஆத்திரப்பட்டாள். எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலில் நிற்கிற வீட்டை, சாதாரணச் சம்பளக்காரர் வாங்கும் விலைக்குக் கொடுத்து, அங்கே சாதாரணச் சம்பளக்காரர்களே வாழ வேண்டும் என்று ஓர் அரசாங்கம் சொல்வதில் எனக்குக் குறை தெரியவில்லை. வாடகைப் பணம்தான் நோக்கம் என்றால் அந்த வீட்டுக்கு விண்ணப்பம் போடாதே, வாழ நினைக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த நம்பர் போகட்டும் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு செங்காங்கில் ஸ்டாண்டர்ட் வீட்டுக்கு விண்ணப்பம் போட்டாள்.

பொங்கோலுக்கு நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். சாவி என்னிடம் ஒன்று இருந்தாலும் குடியிருப்பது அவர்கள். சென்ற முறை போனபோது அந்த அம்மா பால் ஊற்றாத இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார். அடுப்படி ஜன்னலில் பாண்டான் இலைத் தொட்டி இருந்தது. வெயில் நன்றாகத்தான் வருகிறது.

ஒப்பந்தம் முடியும் நேரத்தில் மகன் திரும்பி வருவதாக முடிவாகியிருந்தது. அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் எதிர்ப் புளோக்கைத் தாண்டினால் வந்துவிடும்.

"அக்கா, எங்களுக்கு வாங்க முடியுமா?" என்று கணவர் கேட்டார். "புது வீடு கெடைக்காதுன்னு தெரியும். பழசு?"

கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால், நிரந்தரவாசம் கிடைத்து மூன்று ஆண்டு ஆன பிறகு மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்று சொன்னேன். முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"நாங்க எதுக்குக்கா விடப்போறோம்" என்றார் அந்த அம்மா.

அவர் உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த நீல அட்டைகளை எடுத்து வந்தார். கணவர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.